மங்க மறுத்த நட்சத்திரமும் என் கலியாண லீவும்

வானியல் என்றால் நட்சத்திரத்தைப் பார்ப்பது என்று நம்புகிறவர்கள் பாக்கியவான்கள். பெங்களூரில் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தது தூசியைப் பார்க்க.

எனக்கு வாய்த்தது ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்று. எப்போதாவது கரித்தூசியைக் கக்கி, அதற்குள்ளேயே மறைந்து மங்கிப்போகும். அந்தத் தூசியில் பட்டுச் சிதறும் வெளிச்சம் ஒரு திசையில் மட்டும் அதிகம் அதிரும். ஒரு திசை அதிர்வை மட்டும் உள்ளே விடும் போலராய்டு தகட்டைத் தொலைநோக்கியில் வைத்துச் சுற்றினால் மீட்டர் முள் ஏறி இறங்கும். அதை அளந்து காட்டினால் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்றார் டைரக்டர். தற்காலிக வேலையில் தவித்த சகோதரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கூலிங் கிளாஸ்

தகட்டை இறக்குமதி செய்ய லைசென்ஸ் கேட்டோம். டில்லிக்காரர்கள் அவசரப்படவில்லை. கூலிங் கிளாஸிலும் அதே போலராய்டுதான் என்று கமர்ஷியல் தெருவுக்குப் போனேன். நல்ல போலராய்டு என்றால், இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் திருப்பும்போது இருட்டிவிடும். கடையில் கூலிங் கிளாஸ்களை அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒதுக்கினேன். கடைசியில் தேறிய ஒன்றைக் கட்டிக் கொடுத்தபடி கடைக்கார பாய் சொன்னார்: “முகத்துல போட்டுப் பாத்துட்டு வேணாம்னவங்க உண்டு சார். முகத்துக்கே கொண்டு போகாம கடையையே வேணாம்னது நீங்கதான்.”

ஜெபம்

காக்ஸ் டவுனில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் கலியாணம் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். நட்சத்திரமோ மாதக்கணக்கில் ஜொலித்துக்கொண்டு நின்றது. முள் அசையவில்லை. பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்ததால், வீட்டில் மாலை ஜெபத்தில் இந்த விண்ணப்பத்தையும் சேர்த்தார்கள். பிறகு பெரியவரே மனமிரங்கி, கலியாணம் வைக்கக்கூடாத தவக்காலம் தொடங்குமுன் கலியாணத்தை முடித்துவிடலாம் என்றார். கூடவே குறைப்பட்டுக்கொண்டார்: “பெத்லகேம்லேருந்து இன்னிக்கு வரைக்கும் நட்சத்திரம் பிரகாசிக்கணும்னுதான் தம்பி கேட்டிருக்கோம். மங்கணும்னு கேக்க வெச்சது நீங்கதான்.”

டியூட்டி

நான் கலியாணத்துக்கு லீவு போட்டேன். நட்சத்திரம் அந்த வாரம் பார்த்து மங்கியது. என்னைப்போலவே தற்காலிகமாகப் பக்கத்து நாற்காலியில் இருந்த ராஜண்ணா என் இடத்தில் உட்கார்ந்து முள் ஆடியதை அழகாக அளந்துவிட்டார். நிரந்தர வேலை அவருக்குப் போயிற்று. மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளை தற்காலிகமாகவே இருக்கலாம் என்று டைரக்டர் கருணை காட்டினார். ராஜண்ணா ஒரு பேடா டப்பாவை நீட்டிச் சொன்னார்: “பேஜார் ஆகாதீங்க சார். உங்க கல்யாணத்துக்கு வர முடியல. யாராவது ஒருத்தர் டியூட்டில இருக்கணுமே.”

வானத்தையே அண்ணாந்து பார்த்துப் பிழைக்கும் சகோதரர்களே, பக்கத்து நாற்காலியையும் அவ்வப்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.