வாசலில் செருகிய வேப்பிலை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்போது நாங்கள் குடியிருந்தோமா, கொசு குடியிருந்ததா என்றே சொல்ல முடியாது. அம்மாவும் அப்பாவும் கொசுக்கடிக் காய்ச்சலில் போனபின் தங்கச்சிக்கு நான், எனக்கு அவள். அவளுக்கு ஒரு நல்ல இடம் அமையவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கொசுவைக் கண்டால் மட்டும் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

கோயில் பூசாரியிடம் கெஞ்சி வேப்பிலை ஒடித்து வருவேன். தங்கச்சி அதை அரைத்து, இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டுவாள். பின்பக்கச் சாக்கடையில் ஊற்றினால் சில நாளில் கொசுப்புழு செத்து மிதக்கும்.

செந்தூலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கொசு ஒழிய ஊர்ச் சாக்கடைகளில் எண்ணெய் தெளிக்கும் வேலை. வருகிறவர்களைக் கொசு கடிக்கக் கூடாதே என்று, மிச்சமிருந்த வேப்பங்கொத்துகளை வாசல் நிலையில் வரிசையாகச் செருகி வைத்தேன். அம்மை கண்ட வீட்டில்தான் அப்படிச் செருகுவார்கள் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். என் மரமண்டைக்கு அன்று உறைக்கவில்லை. தங்கச்சியோ அடுப்படியில் இருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா தெருவிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா எறங்கியிருக்கா. தலைக்குத் தண்ணி ஊத்தினப்புறம் பாக்கலாம்."

கொசுவுக்காக வைத்தது என்று சத்தியம் செய்தேன். நான் ஓரடி வைத்தால் அவர் ஈரடி பின்னால் போனார். எந்த அண்ணன்தான் வீட்டில் அம்மை என்று ஒப்புக்கொள்வான்? அக்கம்பக்கத்தில் தலைகள் எட்டிப் பார்த்தன. இந்தப் பேச்சு பரவினால் இனி யார் பெண் கேட்டு வருவார்கள்? அவள் வாழ்க்கையை என் கையாலேயே கெடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டின் பின்பக்கம் போனார்; நானும் பின்னாலேயே ஓடினேன். சாக்கடையோரம் குந்தி, தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து, செத்துக் கிடந்த கொசுப்புழுவை வெளிச்சத்தில் பார்த்தார். அப்படியே திரும்பி வந்தார்.

"அம்மா, அம்மை கண்ட வீட்டுல வேப்பிலையத் தொட்டுக் கும்பிடுவாங்க. அரைச்சு சாக்கடையில ஊத்துவாங்களா?"

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்.

தங்கச்சி வெற்றிலைத் தட்டோடு வந்து, தரையைப் பார்த்தபடி நின்றாள். மாப்பிள்ளை பெயர் கேட்கவில்லை, சமைக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. எத்தனை இலைக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார்.

தங்கச்சி தலையை நிமிர்த்தினாள்.

"ரெண்டு பிடிக்கு ஒரு செம்பு. வெயில்ல வைக்கக் கூடாது, வீரியம் போயிரும். நீங்க ஊத்துற எண்ணெய்ல கெணத்துத் தண்ணி நாறுது. இதுல நாறாது."

போச்சு, மாப்பிள்ளையின் வேலையையே குறை சொல்லிவிட்டாளே என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே வெற்றிலைத் தட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.