கதவு சாத்தியிருக்கா என்று கேட்ட பத்மினி

பத்மினி போய்விட்டார் என்ற செய்தி, அவரிடம் பூனை வாங்கியவர்களின் வாட்ஸப் குழுவில் காலை ஏழு மணிக்கு வந்தது. தமிழ் எழுதத் தெரியாத அவருடைய தம்பி இந்தியில் ஒரே வரி எழுதியிருந்தார். படித்ததும் நான் முதலில் எங்கள் பூனை ராணியைத்தான் தேடினேன். கட்டிலுக்கடியில் இருந்தாள்.

எங்கள் ஊரின் கோந்த்வா பகுதியில் இரண்டு அறைகளில் அடிபட்ட பூனைகளை வைத்துப் பார்த்து, வீடு தேடிக் கொடுத்தவர் பத்மினி. ஹடப்சர் பகுதியில் தெருநாய்கள் குதறிய ராணிக்குப் பாதிக் காது இல்லை, இடக்கண் தெரியாது. வெளியே விடக்கூடாத பூனை. தருவதற்கு முன் பத்மினி எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். பால்கனி வலையை இழுத்துப் பார்த்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசல் கதவைத் திறந்து வைப்போம் என்று என் மனைவி சரோஜா சொன்னதும் அவர் முகம் மாறியது.

"அண்ணா, லட்சுமி வரணும்னு கதவத் திறக்குறீங்க. வர்றது யாருன்னு பாத்தா உள்ள விடுறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. எட்டாவதோடு நின்று, தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டே எழுதப் படிக்கக் கற்றவன் நான். என் வீட்டுக் கதவைப் பற்றி எனக்குப் பாடமா? அந்த நேரத்தில் கதவு சாத்தியிருக்கும் என்று பத்மினி தாளில் எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட மறுத்தேன்.

"போட்டுத் தொலைங்களேன்," என்றாள் சரோஜா. பிறகு அவளே போட்டாள்.

ஒரு மாதம் கழித்துப் பத்மினி சொல்லாமல் வந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கதவு திறந்திருந்தது. மடியில் ராணியோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"பத்து நிமிஷமா இங்கதான் இருக்கேன் அண்ணா. ரெண்டு தடவ வாசலத் தாண்டி வந்துட்டா. உங்க வீட்ல ஒருத்தரும் பாக்கல."

கீழ்ப்படியில் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் கண்கள் மூடவில்லை. பத்மினி குரலை உயர்த்தவேயில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

அதன்பின் தினமும் அதே நேரத்தில் போன் செய்வார். "கதவு சாத்தியிருக்கா?" அவ்வளவுதான். மருத்துவமனைக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. கடைசியாகப் பேசிய அன்று அவருக்கு மூச்சு வாங்கியது.

"சாத்தியிருக்கு," என்றேன்.

திறந்திருந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கூடத்தில் ராணி இல்லை. இரண்டு மாடி இறங்கினேன். சுவரோடு ஒட்டி, பார்வை இல்லாத பக்கத்தை நாய்க்குக் காட்டியபடி நின்றிருந்தாள். நாய் குரைக்கவில்லை, எழுந்து நின்றிருந்தது. அவளைத் தூக்கியபோது என் கையைக் கிழித்துவிட்டாள்.

இதைப் பத்மினியிடம் சொல்லவில்லை. நான் சொன்ன பொய்யை நம்பியபடியே போனார். அவரை அறிந்த உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். அவர் என்னை அவமதித்தார் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு, அதை விடமாட்டேன். அவர் சொன்னது சரி என்பதையும் மறைக்கமாட்டேன்.

இப்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் விளக்கு ஏற்றுகிறோம். ராணி கதவைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். வெளியே நாயின் நகங்கள் படியேறி வருகின்றன. எங்கள் வாசலில் நிற்கின்றன. நான் எழுந்து தாழ்ப்பாளை மறுபடியும் தொட்டுப் பார்க்கிறேன். இத்தனை நாள் இந்தப் பயத்தைப் பத்மினி எனக்காகத் தனியே சுமந்தார். இனி அது என்னுடையது.