தாடி எடுத்த முகம்

என் தம்பி பர்மாச் சண்டையில் செத்த வாரத்தில், பிணத்தின் நிறம் எப்படி வரும் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பட்டாளத்திலிருந்து வந்த தாளில் இருந்த தேதியை வைத்துப் பின்னால் கணக்குப் பார்த்துக்கொண்டது.

இராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் பொதிகளுக்கு மார்க் எழுதுவது என் பிழைப்பு. ஓய்ந்த நேரத்தில் கடைப் பலகை எழுதுவேன். அதை வைத்து எனக்குப் படமும் வரும் என்று நம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் மாதா கோயில் சாமியார் ஓர் அச்சுப் படத்தைக் கொடுத்தார். சிலுவையிலிருந்து இறக்கிய மகனைத் தாய் மடியில் கிடத்தியிருக்கிறாள். இத்தாலியில் நானூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியதாம். பெரிய வெள்ளிக்கு ஆள் உயரத்தில், எண்ணெய் வர்ணத்தில் வேண்டும் என்றார். எண்ணெய் வர்ணத்தை நான் கையால் தொட்டதில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

பலகைக்காரனுக்குத் தெரிந்தது கட்டம் ஒன்றுதான். அச்சுப் படத்தின் மேல் நூல் கட்டிக் கட்டமாகப் பிரித்தேன். துணியிலும் அத்தனை கட்டம். ஒரு கட்டத்தை எழுதும்போது மற்றதையெல்லாம் தாளால் மூடிவிடுவேன். மூக்கு என்று தெரிந்தால் கை தனக்குப் பழகிய மூக்கைப் போட்டுவிடும். அதனால் படத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு நிழலை மட்டும் பார்ப்பேன். வர்ணம் லேசில் காயாது. மில்லிலிருந்து என் சட்டையோடு வந்த பஞ்சு ஈரத்தில் போய் ஒட்டும், ஊசியால் எடுப்பேன். முகத்தை மட்டும் ஏழு தடவை வழித்துப் போட்டேன். அடியில் பச்சை பூசி, காய்ந்த பிறகு மேலே வெள்ளையும் மஞ்சளும் மெல்லிசாகத் தடவினால் உயிர் போன தோல் வருகிறது என்று ஒரு நாள் பிடிபட்டது. அன்று சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தேன்.

தாள் வந்தபோது படம் அநேகமாக முடிந்திருந்தது. உடல் வராது என்று, இங்கிலீஷில் இருந்ததைத் தபால்காரர்தான் படித்துச் சொன்னார். அம்மா அழவில்லை. என் படத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த அம்மாளுக்கு மடியிலயாவது கெடைச்சான்" என்றாள். பிறகு, "மிச்சத் துணியில உன் தம்பி மொகத்த எழுதிக் குடுலே. போட்டோகூட இல்ல. எனக்கு மறந்து போயிரும்" என்றாள்.

பெரிய வெள்ளியன்று சாமியார் என் படத்தை அசலேதான் என்றார். அந்தத் திமிரோடு மறுநாள் தம்பியை எழுத உட்கார்ந்தேன். எதிரே வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை, மனசிலிருந்துதான் எடுக்க வேண்டும். கை தயங்காமல் ஓடியது. நல்ல முகம் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள். "இது கோயில்ல கெடக்கவருல்லா" என்றாள்.

"தாடிய எடுத்துட்டேனம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

வழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதே நெற்றி, அதே ஒட்டிய கன்னம். மூன்றாம் தடவையும் அவரே வந்தார். பயமாக இருந்தது. கண்ணை மூடினால் அச்சுப் படம் கட்டம் கட்டமாக வந்தது, தம்பி வரவில்லை. வெட்கத்தை விட்டு அம்மாவிடமே கேட்டேன்.

"அவன் மூக்கு எப்படியம்மா இருக்கும்?"

"எங்கிட்டயா கேக்க? ஒரே தட்டுல தின்னவன் நீ." அவள் குரல் உயரவே இல்லை. "இந்தப் படத்த எம்புட்டு நாளு குத்தவச்சுப் பாத்தே. லீவு முடிஞ்சு அவன் கெளம்புன அன்னைக்கு, வாசலுக்காவது வந்தியாலே?"

வரவில்லை. அன்று படத்துக்கான துணிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடும். அவன் வாசலில் நின்று, "போய்ட்டு வாரேன்ணே" என்றான். நான் தலையைத் தூக்காமல், சரி என்றேன்.