துரையின் மடிநாய்

அரசுச் சேவகரைச் சொந்த வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. நாய் சொந்த வேலையில் சேராது என்பது எங்கள் அரியலூர்த் துரையின் வியாக்கியானம். பெரம்பலூருக்கு முகாம் போகும்போதெல்லாம் அவருடைய குட்டிநாய் டவாலிச் சேவகரின் மடியில்தான் வரும். சேவகர் நெடிய ஆள், முறுக்கு மீசை. நாய் இல்லாதபோதும் நிலைகொள்ளாமல் மடியைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

"நாய்தான் எம்மடியில ஒக்காருது. ஊருல என்னையில்ல தொரையோட மடிநாய்ங்கறானுவ! எம்பொண்ணப் பாக்க வந்தவங்க காதுலயும் வுழுந்துருச்சுங்க சார். எப்படியாச்சும் இந்த வேலைய மாத்தி வுடுங்க."

அலுவலகக் குமாஸ்தாவான நான் அவர் மனுவை முறைப்படி, துரை வழியாகவே மேலே அனுப்பினேன். சம்பந்தம் கலைந்தது. பிறகு துரை நாயோடு கப்பலேறினார். சேவகர் மட்டும் மடியைத் தட்டுவதை நிறுத்தவில்லை. நாயைச் சுமப்பதிலிருந்து அவரை விடுவித்துப் பதில் வந்த தேதி 1947 ஆகஸ்ட் 16.