பெர்னில்லாவின் ஒற்றைப் பாட்டு

எங்கள் ஊரான நோர்சோவின் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு மடித்துக்கொண்டிருந்த பெர்னில்லாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அகலமான தோள், முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து, நாலு இயந்திரங்களின் இரைச்சலையும் மீறிக் கேட்கிற குரல். 1994 கோடையில் ஸ்வீடனில் எந்த வானொலியைத் திருகினாலும் அந்தக் குரல்தான் வந்தது. ஆனால் அது தன்னுடையது என்று வாய்திறந்து சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

நடந்தது இவ்வளவுதான். நகரத்தில் நிலவறை ஒன்றில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த கென்னெத் என்பவன், ஒரு கல்யாணத்தில் அவள் பாடியதைக் கேட்டுக் கூப்பிட்டுப் போனான். டம் டம் என்று நெஞ்சுக்கூட்டை இடிக்கிற யூரோடான்ஸ் மெட்டு. 'நீ கதவைச் சாத்து, நான் சுவரை இடித்துக்கொண்டு வருகிறேன்' என்று ஆங்கிலத்தில் நாலு வரி. மூன்று மணி நேரம் பாடினாள். உச்சிக்குப் போகும் இடத்தில் குரல் லேசாக உடைந்தது. கென்னெத் அதை அப்படியே வைத்துக்கொண்டான். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினான். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மே மாதம் சிடி வந்தது. அட்டையில் ஒல்லியான பொன்முடிப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் டமீனாவாம்! பெர்னில்லா போனைப் போட்டாள்.

"உன் குரல் தங்கம்தான். ஆனா முகம் போஸ்டருக்கு ஒத்துவராது. தப்பா எடுத்துக்காத" என்றான் கென்னெத்.

"இதை வேற எப்படி எடுத்துக்கறதாம்?"

"காகிதத்தைப் படி. அந்தப் பாட்டை நாலு பேர் முன்னால நீ பாடவும் கூடாது, பாடினது நான்தான்னு சொல்லவும் கூடாது."

அவள் ஒரே ஒருத்தியிடம் சொன்னாள். பக்கத்து மேசையில் மடிக்கிற மைலிஸிடம். மைலிஸ் நல்ல மனுஷி, ஆனால் வாயில் எதுவும் நிற்காது. காப்பி நேரம் முடிவதற்குள் ஆஸ்பத்திரிக்கே தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் குடிகாரனை மன்னிக்கும், பெண்டாட்டியை விட்டு ஓடியவனை மன்னிக்கும். தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்பவர்களை மட்டும் சாமானியத்தில் விடாது. பெர்னில்லா சாசேஜ் கடைக்குப் போனால், மர அறுவை ஆலையில் வேலை செய்யும் யெர்கர் வரிசையில் நின்றபடியே கத்துவான்: "வழி விடுங்கப்பா, டமீனா வர்றாங்க! அவங்க சாசேஜுக்குக் கடுகு சாஸ் கொஞ்சம் தூக்கலா போடுங்க!" எல்லோரும் சிரிப்பார்கள். அவளுக்கு முகம் காது வரை சிவந்துவிடும். அழுகையில்லை, கோபம். ஊர் முழுக்கத் தன்னைப் பொய்க்காரி என்கிறதே என்ற கோபம்.

ஜூலையில் எங்கள் ஊர்ப் பூங்காவின் நடனமேடைக்கு டமீனா வரப்போவதாகச் சுவரொட்டி ஒட்டினார்கள்.

"நான் வரலை" என்றாள் பெர்னில்லா.

"ஏன் வரமாட்ட? திருடினவங்க தைரியமா வர்றாங்க, பறிகொடுத்தவ ஒளிஞ்சிக்கறதா? நல்லா இருக்குடி நியாயம்!" என்று மைலிஸ் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, வெயில் சுள்ளென்று அடித்தது. நோர்சோவில் நடனத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவரை ஆடக் கூப்பிட்டால் இரண்டு பாட்டுக்குச் சேர்ந்தே ஆட வேண்டும். பிறகு நன்றி சொல்லி, அவரை முன்பு நின்ற இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். ஒரு பாட்டோடு கையை விட்டால், உன்னோடு ஆடவே பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகும். எனக்குத் தெரிந்து முப்பது வருஷத்தில் அப்படிச் செய்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருத்தி ஊரைவிட்டே போய்விட்டாள்.

யெர்கர் நேராக அவளிடம்தான் வந்தான். "வா டமீனா, உன் பாட்டுக்கே ஆடலாம்." அவன் கூட்டாளிகள் பின்னால் நின்று இளித்தார்கள். மறுத்தால் பயந்துவிட்டாள் என்பார்கள். பெர்னில்லா கையை நீட்டினாள்.

மேடையில் பொன்முடிப் பெண் வந்து நின்றாள். நிஜப்பெயர் ஃபிலிப்பாவாம். மேடையோரத்தில் கென்னெத் டேப்பை ஓட்டினான், அவள் வாயசைத்தாள். ஐம்பது ஜோடிகள் ஆடின. பாட்டு முடிந்தது. ஃபிலிப்பா சிரித்துக் கையசைத்தாள். தளத்தை விட்டு ஒருவரும் நகரவில்லை. அவள் மறுபடி கையசைத்தாள். ஜோடிகள் கைகோத்தபடி அப்படியே நின்று அவளைப் பார்த்தன.

பூங்காவை நடத்துகிற ஸ்தூரே மேடையோரத்துக்கு ஓடிவந்தார். "அடுத்ததைப் போடுப்பா, ஜனங்க நிக்கிறாங்கல்ல!"

"அடுத்தது இல்ல. இருக்குறதே ஒரு பாட்டுதான்" என்ற கென்னெத் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். "எட்டு மணிக்கு வேற ஊர்ல நிகழ்ச்சி. நாங்க கிளம்பணும்."

"பாதி ஆட்டத்துல விட்டுட்டுப் போறியா? இங்கயா? ஏம்ப்பா, யாருய்யா உன்னை வளர்த்தது?" ஸ்தூரே பின்பக்கம் காப்பி குடித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர் வாத்தியக்குழுவைப் பார்த்துக் கத்தினார். "ஏறுங்கப்பா! எதையாவது வாசிங்க!"

அப்போதுதான் பெர்னில்லா யெர்கரின் கையை விட்டாள்.

ஒரு பாட்டு முடிந்து, இன்னொன்று பாக்கி இருக்கும்போது, ஊரே பார்க்க விட்டாள். "ஏய், எங்க போற?" என்றான் அவன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐம்பது ஜோடிகளுக்கு நடுவே யெர்கர் ஒற்றை ஆளாக நின்றான். தாராளமாக நிற்கட்டும்!

படியேறிய அவளை கென்னெத் மறித்தான். "வேண்டாம். கையெழுத்துப் போட்டிருக்க, ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. தள்ளு."

ஃபிலிப்பாவின் கையிலிருந்த மைக்கை நோக்கிக் கையை நீட்டினாள். அந்தப் பெண் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "இதுல உயிர் இல்ல, சும்மா கைல வெச்சிருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லி, குழுவின் மைக்கைக் காட்டினாள். "அதை எடு."

பெர்னில்லா எடுத்தாள். "என் பேர் பெர்னில்லா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பார்க்கறேன். இப்ப கேட்டீங்களே, அதைப் பாடினது நான்."

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். குழுக்காரர்கள் இரண்டு மாதமாக வானொலியில் கேட்டுக் கேட்டு அந்த மெட்டை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அக்கார்டியன் முதலில் தொடங்கியது. டம் டம் இல்லை, கொஞ்சம் நிதானமாக, ஜோடியாக ஆடத் தோதாக. அவள் பாடினாள். உச்சிக்குப் போகிற இடத்தில், வானொலியில் எங்கே உடையுமோ அதே இடத்தில், அதே மாதிரி குரல் உடைந்தது. ஐம்பது ஜோடிகளும் ஒரு அடி தவறின. அப்புறம் ஆடின. கீழே மைலிஸ் யார் கையையோ பிடித்துக்கொண்டு, ஆடாமல் நின்று, ஓவென்று அழுதாள்.

அவள் மேடையிலிருந்து இறங்கியபோது கென்னெத்தின் முகம் வெளிறியிருந்தது. "இந்த நாட்டுல இனி உனக்கு ஒரு ரெக்கார்டும் கிடையாது. நான் பார்த்துக்கறேன்."

"பார்த்துக்கோ. முதல்ல இந்த ரெக்கார்டுலேருந்து என் குரலைப் பிரிச்சு எடு, பார்க்கலாம்!"

அவன் சொன்னபடியே செய்தான். அவளைப் பாட யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. டமீனாவின் அடுத்த பாட்டை வேறொருத்தி பாடினாள். ஒருவரும் வாங்கவில்லை. யெர்கர் மன்னிப்புக் கேட்டானா என்றால், அதெல்லாம் இல்லை. ஆனால் கடை வரிசையில் அவன் வாயே திறப்பதில்லை. பெர்னில்லா இன்று சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பாட்டு வானொலியில் வருகிறது, டமீனா என்றுதான் இன்னும் அறிவிக்கிறார்கள். நோர்சோவில் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "யாரு அது?" என்பார்கள். எங்களுக்கு அது பெர்னில்லா பாட்டு.