வேனுக்கு வெளியே கட்டிய மஞ்சள் பலகை

சிவகாசியில் எங்களைப் போல் காலண்டர் அச்சடித்துப் பிழைப்பவர்களுக்கு ஊர் சுற்ற ஜூன் மாதத்தை விட்டால் வேறு மாதம் கிடையாது. ஆடிப் பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போட்டுவிட்டால் அப்புறம் தை பிறக்கிற வரை மெஷின் சத்தம்தான், அதன் பிறகு கோடை முடிகிற வரை பாக்கி வசூல். அதனால் இந்த ஜூனில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு நானும் என் கணவரும் எங்கள் வேனில் தூத்துக்குடிப் பக்கம் கிளம்பினோம். போக வேண்டிய இடம் கீழவைப்பார். காரணம் நான்.

இரண்டு வருடம் முன்பு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் உள்காது கெட்டுப்போனது. அன்றிலிருந்து நின்றால் தரை நழுவும். வீட்டுக்குள்ளேயே சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடப்பேன். ஆடுகிற பரப்பில் நின்று பழகினால் சரியாக வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். மற்றவர்கள் இதற்கு ஒரு ரப்பர் மெத்தை வாங்குவார்கள். என் வீட்டுக்காரர், நின்றுகொண்டே துடுப்புப் போடுகிற பேடில் போர்டு இரண்டு வாங்கிவிட்டார். எதையும் அளவாகச் செய்யத் தெரியாத மனிதர். கண்மாயில் தண்ணீர் கிடந்த மாதங்களில் பழகியதில் முட்டி போட வந்தது, நிற்க வரவில்லை. உப்புத்தண்ணீர் நன்றாகத் தாங்கும், கீழவைப்பார்க் கரையில் அலையும் அவ்வளவாக இருக்காது, அங்கே நின்றுவிடுவாய் என்றார். அங்கேயும் முடியாவிட்டால் என் பலகையை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

இனி வேனைப் பற்றி. பழைய ட்ராவலர் வேனை வாங்கி உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்திருக்கிறோம். நிமிர்ந்து நின்று காபி போட வேண்டும் என்பது இவருடைய ஒரே நிபந்தனை என்பதால் கூரையை உயர்த்தினோம். இப்போது தரையிலிருந்து ஒன்பதேகால் அடி. பலகையின் நீளம் பத்தரை அடி, கட்டில் இருக்கும்போது உள்ளே போகாது. கூரையில் ஏற்றலாம் என்றால் ஒருவர் ஏணியில் நிற்க வேண்டும். எங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்குத் தரையிலேயே தலை சுற்றும். ஆகவே வேனின் வலது பக்கம், கதவு இல்லாத பக்கம், இரும்புக் கம்பியில் இரண்டு கொக்கி அடித்தோம். வெல்டிங் கூலியோடு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். வேனை ஒட்டி இவருடைய நீலப் பலகை, அதற்கு வெளிப்பக்கம் என் மஞ்சள் பலகை.

நீலப் பலகை கொக்கிக்குள் உட்கார்ந்தது. என்னுடையதைக் கயிறுதான் பிடிக்க வேண்டும். பட்டை பெல்ட் வாங்குவோம் என்றேன். "லாரி செட்ல வளந்தவன்கிட்ட கயிறு கட்டச் சொல்லித் தர்றியா?" என்றார். கயிற்றை எடுத்துக் கொடுத்தேன்.

கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். ஏழு மணிக்கு ஊருக்குள் இட்லி சாப்பிட்டோம். புறவழிச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் பக்கத்தில் கடக்கும் ஒவ்வொரு முறையும் பலகை இரண்டும் தடதடவென்று அடித்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பியதும் லாரி குறைந்தது, காற்று கூடியது. இந்த மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைக் கடற்கரைக்காரர்கள் கச்சான் என்கிறார்கள். உயரமான வேன் என்பதால் அது தள்ளுவது ஸ்டியரிங்கிலேயே தெரிகிறது. இவர் அடிக்கடி வலது கண்ணாடியைப் பார்த்து, "பலகை இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வேப்பலோடை தாண்டி டீ குடிக்க இறங்கியபோதுதான் தெரிந்தது. கண்ணாடியில் இவர் பார்த்ததெல்லாம் நீலப் பலகையை. மஞ்சள் பலகை இருந்த இடத்தில் கயிறு மட்டும் தொங்கியது.

பலகை போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை என்று சொன்னால் பொய். அழுதுவிட்டேன். அதே மூச்சில், ஒரு ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. இனி நிற்க வேண்டியதில்லை. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

வந்த வழியே இருபது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினோம். இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே, சாலையிலிருந்து நூறடி உள்ளே, மஞ்சளாக ஒன்று கிடந்தது. அதன் மேல் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட ஏழெட்டுப் பெண்கள், பாத்தியில் வாரிய உப்பைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சாலைப் பக்கத்து மேட்டில் கொட்டுகிறார்கள். பாத்திக்கும் மேட்டுக்கும் நடுவே ஐந்தடி அகல வாய்க்கால். அதன் மேல் கிடந்த பனந்தடி முந்தின நாள் முறிந்துவிட்டதாம். சுற்றிப் போனால் வெகுதூரம். காலையில் வானத்திலிருந்து பலகை வந்து விழுந்ததும், திட்டித் தீர்த்துவிட்டு, தூக்கிப் பாலமாகப் போட்டுவிட்டார்கள்.

மேட்டில் உப்பைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் வந்தவர் பேச்சியம்மாள். ஐம்பது வயதிருக்கும். நேராக இவரிடம்தான் பேசினார்.

"ஒங்க சாமானா அண்ணாச்சி? எந்தலைக்கு மேலதான் பறந்துச்சு. வுழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

இவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது, நாங்கள் தொலைத்தது எங்கள் பொருளை மட்டும் அல்ல என்று.

"சரி, தப்பிச்சாச்சுல்லா," என்று அவரே முடித்தார். "பலவ நல்ல பலவ. கால் வழுக்கல. கொண்டுபோறீயன்னா பதிலுக்கு ஒண்ணு போட்டுட்டுக் கொண்டுபோங்க. நாங்க நடக்கணும்லா?"

நியாயம்தானே. வேனுக்குள் போய்க் கட்டிலைப் பார்த்தோம். ஆறேகால் அடி நீளத்தில் இரண்டு கனத்த ப்ளைவுட் பலகை. "யார் பக்கத்துப் பலகையைக் கொடுக்கிறது?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்த பார்வையில் தன் பக்கத்தைக் கழற்றிவிட்டார்.

இதற்குள் பேச்சியம்மாள் என்னிடம், அந்த மஞ்சள் பலகையை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தார். கடலில் போட்டு அதன் மேல் நிற்பது என்றேன். எனக்கு நிற்க வராது என்பதையும் ஏனோ சொல்லிவிட்டேன்.

"நிக்கவே முடியலன்னா இது ஒனக்கு என்னத்துக்கு?"

சுருக்கென்றது. அவர் காலிச் சட்டியோடு பலகை மேல் நடந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தார். "ஒன் பலவதான? நீயே இங்கன வந்து இந்த நுனியத் தூக்கு."

இவர் முன்னால் காலெடுத்து வைத்தார். நான் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு ஏறினேன்.

ஐந்தடி. கீழே கெண்டைக்கால் அளவு உப்புத்தண்ணீர். விழுந்தாலும் சேலை நனையும், அவ்வளவுதான். ஆனாலும் இரண்டாவது எட்டில் வெள்ளைப் பாத்திகள் எல்லாம் ஒருபக்கமாகச் சரிந்தன. பிடிக்கச் சுவர் இல்லை, கை இல்லை. நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். நிமிர்ந்தால், எதிர்க்கரையில் பேச்சியம்மாள். அதற்குள் மற்றவர்கள் அவர் சட்டியை நிரப்பித் தலையில் ஏற்றிவிட்டிருந்தார்கள். பாலம் ஒற்றை ஆள் பாலம். நான் கடந்தால்தான் அவர் வர முடியும்.

"ஏளா, கொஞ்சம் நில்லு," என்று பின்னால் வந்த பெண்ணை நிறுத்தினார். என்னிடம், "மெதுவா வா. நான் நிக்கேன்," என்றார்.

அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சட்டியிலிருந்து உப்புநீர் நெற்றியில் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. எனக்காக ஒருவர் இவ்வளவு கனத்தோடு நிற்கிறாரே என்று பதறிப்போனேன். அந்தப் பதற்றத்தில் என் தலையைப் பற்றிய நினைப்பே விட்டுப்போயிற்று. அடுத்து எனக்கு நினைவிருப்பது, அந்தப் பக்கத்து வரப்பில் நிற்கிறேன். பேச்சியம்மாள் என்னைக் கடந்து போய் உப்பைக் கொட்டினார். நுனியைத் தூக்கிக் கொடுத்தேன். இவர் அதை இழுத்துக்கொண்டு ப்ளைவுட்டைத் தள்ளிவிட, அதன் மேல் மெதுவாகத் திரும்பி வந்தேன்.

கடலைப் பற்றி ஆரம்பித்தால் குறிப்புகளை மறந்துவிடுவேன், அதனால் முதலில் அவை. உயரமான வேனின் பக்கவாட்டில் பலகை கட்டாதீர்கள். ஆளைக் கொல்லக்கூடிய காரியம். அப்படி வெளியே நீட்டிக்கொண்டு போக அனுமதி உண்டா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டிருக்க வேண்டும், நாங்கள் கேட்கவில்லை. இப்போது கூரைக்கு மாற்றிவிட்டோம். பின்விளிம்பில் ஒரு உருளை வைத்தால் கீழே நின்றே பலகையைச் சாய்த்து மேலே தள்ளிவிடலாம். ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாக இரண்டு பட்டை பெல்ட், அரைமணிக்கு ஒருமுறை இறங்கிக் கையால் இழுத்துப் பார்ப்பது. தூத்துக்குடியிலிருந்து கீழவைப்பார் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். கிறிஸ்தவ மீனவர்களின் ஊர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை, வலைக்கு இடைஞ்சல் இல்லாமல் பழகலாம். ஆனாலும் ஊரில் கேட்டுவிட்டு இறங்குங்கள். எதிரே தெரியும் தீவுகளுக்குப் போக ஆசைப்படாதீர்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

காற்றைப் பற்றி அங்கே ஒரு மீனவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தண்ணி அமந்துதான் கெடக்கும், அத நம்பாதீய. எட்டு மணிக்கு மேல கச்சான் ஏறும், கரையிலேர்ந்து வெளியதான் தள்ளும். இடுப்பளவத் தாண்டாதீய."

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, இடுப்பளவுத் தண்ணீரில் பலகை மேல் முட்டி போட்டேன். முந்தின இரவு பாதிக் கட்டிலில் தூங்கிய இவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் நின்று கையை நீட்டினார். வேண்டாம் என்றேன். ஒரு காலை ஊன்றினேன், அடுத்த காலை ஊன்றினேன், எழுந்தேன். கடல் முழுதும் சாய்ந்து, பிறகு மெல்ல நேரானது. நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, இவரும் மணி பார்க்கவில்லை, வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

பிறகு விழுந்தேன். மூக்கு, வாய், காது எல்லாம் உப்பு. இரண்டு வருடமாக விழாமல் இருப்பதையே நான் முழுநேர வேலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ விழுந்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. இருமிக்கொண்டே சிரித்தேன். பதறிப்போய்த் தூக்கப் பார்த்தவரிடம், "தள்ளி நில்லுங்க, இன்னொரு தடவை விழணும்," என்றேன்.