மூன்று நத்தைகள்

என் அப்பா முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்கப் போகிறவர். அவருடைய தங்கை, எனக்கு மாமி, பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒருநாள் அப்பா அட்டைகளோடு பவளப்பாறையில் உடைந்த ஒரு துண்டு முருகைக்கல்லையும் கொண்டுவந்தார். அதன் துளைக்குள் நகத்தளவில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. மாமி தன் புத்தகங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார். எதிலும் அது இல்லை.

புது நத்தை என்று எழுத ஓட்டின் படம் மட்டும் போதாதாம். உள்ளுறுப்புகளையும் விவரிக்க வேண்டுமாம். வடமராட்சியில் எங்கள் வீட்டு முன்னறை மேசையில், கேட்டு வாங்கிவந்த நுணுக்குக்காட்டியின் கீழ் மாமி ஓட்டை உடைத்து, அந்த உடம்பை ஊசிமுனையால் விரித்தார். என்னையும் பார்க்க விட்டார். சுருங்கிய பாதம், நீண்ட வாய்க்குழாய், கடுகிலும் சின்ன இதயம். ஒவ்வொன்றையும் பென்சிலால் வரைந்தார். ஒன்று மட்டும் அகப்படவில்லை. நத்தைகளின் வாய்க்குள் அரம்போல ஒரு பல்வரிசை இருக்கும். இதற்கு அதைக் காணவில்லை. உண்மையிலேயே இல்லையா, தன் ஊசிதான் கிழித்துத் தொலைத்துவிட்டதா என்று தெரியாமல் மாமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப பஸ்ஸுக்குப் புறப்படும் அவசரத்தில் மாமி என்னைக் கூப்பிட்டார்.

“அப்பாவிட்டைச் சொல்லு, இன்னும் ஒண்டு கிடைச்சாக் காணும், ஒண்டே போதும். கஷ்டப்பட்டுத் தேட வேண்டாம்.”

பின்னேரம் அப்பா வந்ததும், “மாமிக்கு மூண்டு வேணுமாம்” என்றேன். மாமிக்கு ஒன்று. ஜாம் போத்தலில் விட்டு வளர்க்க எனக்கு ஒன்று. அதற்குத் துணையாக இன்னொன்று.

“மூண்டோ?”

“ஓம். கட்டாயம் வேணுமாம்.”

மறுநாள் அட்டைக்காக இரண்டு தடவை இறங்கிய அப்பா, நத்தைக்காக மூன்றாம் தடவையும் இறங்கினாராம். இரண்டோடு மேலே வந்தவர், இன்னொன்று குறைகிறது என்று திரும்பவும் போனாராம். படகில் கூடப் போனவர் அம்மாவிடம் சொன்னார். கரை சேருமுன்பே அப்பாவின் கால்கள் விறைத்துவிட்டன. இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஆழத்துக்கு இறங்கி ஏறியதால் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் கட்டிவிட்டனவாம். ஆஸ்பத்திரியில் பல வாரம் வைத்திருந்தும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை.

நத்தைகள் இருந்த போத்தலை அம்மா மாமியிடம் கொடுத்துவிட்டார். எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்றையும் வெட்டிப் பார்த்ததில் ஒன்றுக்கும் பல்வரிசை இல்லை. மாமி வரைந்த படம் சரியாகத்தான் இருந்தது.

அதைச் சொல்ல வந்த மாமி, அப்பாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதார்.

“நான் ஒண்டுதானே அண்ணை கேட்டனான். ஏன் மூண்டு எடுத்தனீங்கள்?”

நான் தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

“கண்ணிலை பட்டுது, எடுத்தன். அழாதை. நீ எழுதுறதை எழுது.”

நான் சொன்னது அப்பாவுக்கு மறந்துபோய்விட்டது என்றே அப்போது நினைத்தேன். செம்பைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, மனப்பாரம் இறங்கியவளாய் விளையாட ஓடினேன்.